உத்திரத்தில் அரிசி

டலாவிலிருந்து கடைசிப் படகு
எட்டு மணிக்குப் போய்விடும்.
அதற்குமேல் வலி எடுத்தால்
சாம்பான்காரன் கோ ஸா மின்னை எழுப்ப வேண்டும்.
முன்பணம் கொடுத்தாயிற்று.
அவர் குடித்திருந்தால் நான் ஓட்டுகிறேன் என்று
அவன் பெண்சாதி சொல்லியிருக்கிறாள்.

பை தயார்.
பன்னிரண்டு துணி கிழித்து வைத்திருந்தேன்,
ஒரு பிள்ளை என்று நினைத்திருந்தபோது.
மீதிப் பன்னிரண்டுக்கு
இவருடைய நல்ல லுங்கியும் போயிற்று.
குல்லாய் இரண்டு. ஒன்று மஞ்சள்,
கம்பளி தீர்ந்துபோனதால்
மற்றது பாதிதான் மஞ்சள்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா
எடையைக் கிராமில் சொன்னார்.
பான்சோடான் துறையில் படகேறியதும் இவர்
சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார்:
ஒன்று, ஒன்றரை வீசை.
மற்றது, ஒரு வீசையும் கொஞ்சமும்.
அந்தக் 'கொஞ்சம்' அடியில்
கோடு ஒன்று இழுத்தார்.
கரை வரும்வரை
கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு உத்திரம் ஒன்றே ஒன்று.
இத்தனை வருஷம் கூரையைத் தாங்கியதன்மேல்
இவருக்குத் திடீர்ச் சந்தேகம்.
நேற்று மாலை இரண்டு தூளி கட்டி
ஒவ்வொன்றிலும் ஐந்து வீசை அரிசி கொட்டினார்.
'வளர்ந்தால் தாங்க வேண்டாமா?'
தலையைப் பிடித்துப் போடுங்கள்,
அரிசிக்குக் கழுத்து இன்னும் நிற்கவில்லை என்றேன்.
சிரித்தால் வயிறு பலகையாய் இறுகுகிறது.
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ராத்திரி முழுக்கக் கிறீச், கிறீச்.
மின்சாரம் இல்லை.
இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடந்து
அரிசி தூங்கிவிட்டதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது உத்திரம் அப்படியே இருந்தது.
தூளிதான் ஒன்று மெலிந்திருந்தது.
எலி.
அடியில் விரல் நுழையும் ஓட்டை.

இவர் ஒன்றும் பேசவில்லை.
பால் டின்னை எடுத்தார்.
கனத்ததில் அள்ளி மெலிந்ததில் போட்டார்.
இரண்டையும் கையில் ஏந்திப் பார்த்தார்.
இன்னும் அரை டின்.
மறுபடி ஏந்தினார்.
ஓட்டையை அடைக்காமலே
போட்டுக்கொண்டிருந்தார்,
நான் எழுந்துபோய்
விரலை வைக்கும்வரை.

பக்கத்து வீட்டு மா நிலார் நாள் கேட்டாள்.
ஆபரேஷன் புதன்கிழமை.
அவளுக்கு முகம் மாறிவிட்டது.
புதன் காலை பிறந்தால் கொம்புள்ள யானை,
உச்சி சாய்ந்து பிறந்தால் கொம்பில்லாதது.
ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாய் வந்துவிட்டால்
பெயரெழுத்து வேறு,
பயாவில் தண்ணீர் ஊற்றும் மூலையும் வேறு!

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று
அவளுக்குச் சொல்லச் சொன்னேன்.
இவர் பர்மியப் பேச்சில்
தங்கம், கிடைக்காது என்பதுவரை போய்
நின்றுவிட்டார்.
பாவம், கையில் காசில்லை என்று எண்ணி
சாயங்காலம் ஒரு தனக்காக் கட்டையும்
பத்தாயிரம் கியாட்டும்
படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
திருப்பித் தர வேண்டும்.
புதன் கழியட்டும்.

இப்போது ஒன்றரை வீசை தூங்குகிறது.
கோடு போட்ட கொஞ்சம்
என் விலாவுக்கடியில் குதிகாலை ஊன்றி
அதை நகரச் சொல்கிறது.
அது நகரவில்லை.
நான்தான் நகர்ந்து படுக்கிறேன்.

தூளியிலிருந்து அரிசியை
இன்னும் இறக்கவில்லை.
பானையில் வேறு அரிசி இல்லை.
நாளைச் சோற்றுக்கு
இதில் ஒரு பிடி, அதில் ஒரு பிடி
என்றுதான் எடுக்க வேண்டும்.