வண்டல் சோதனை

சத்துவாச்சாரியில்
டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பரிசோதனைக்கூடம்.
கான்கிரீட் கட்டிகளை உடைப்பது என் வேலை.
ஏழாம் நாள் மூன்று,
இருபத்தெட்டாம் நாள் மூன்று.
தொட்டித் தண்ணீரில் ஊறிக் கிடந்ததை எடுத்து
இயந்திரத்தின் இரு தகட்டுக்கு நடுவில் வைத்தால்
முள் ஏறும், ஏறும்,
பிறகு ஒரு சத்தம்.
எந்த எண்ணில் சத்தம் வந்ததோ
அதை எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

மணல் வந்தால் வேறு சோதனை.
அளவுக்கோடு போட்ட கண்ணாடிச் சாடியில் உப்புத் தண்ணீர்,
அதில் மணல்,
மூடிக் குலுக்கி ஜன்னலோரம் வைக்க வேண்டும்.
பருமன் முதலில் இறங்கும்.
பொடி அதன்மேல்.
சேறு கடைசியில்,
கல்யாண வீட்டுக்குத் தாமதமாய் வந்தவர்போல
யாரையும் இடிக்காமல் உட்காரும்.
மூன்று மணி நேரம் அசைக்கக் கூடாது.
முனவ்வர் சார் அந்த மேசைப் பக்கம்
தும்முவதுகூட இல்லை.

அந்த மார்ச்சில் ஜீவரத்தினம் ஒரு பை கொண்டுவந்தார்.
எங்கிருந்து என்று கேட்கக் கூடாது.
கேட்டேன்.
"ஆறுதான்மா" என்றார்,
விரிஞ்சிபுரம் பக்கமாகக் கையைக் காட்டி.
குலுக்கி வைத்தேன். நேரம் குறித்தேன்.
அன்று மாலை ஊரையே பூட்டினார்கள்.

எழுபத்துநாலு நாள் கழித்து ஷட்டரைத் தூக்கினால்
சாடியில் தண்ணீர் இல்லை.
கண்ணாடியில் மட்டும் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள்,
வெயில் காலத்தில் கோட்டை அகழிச் சுவரில் தெரியுமே
அப்படி, இறங்கிப் போன தடம்.
கழுவலாம் என்று கவிழ்த்தேன்.
விழவில்லை.
அடியில் தட்டினேன்.
வந்தது, முழுசாக, ஒரே கட்டியாக,
சாடியின் வயிற்றை அப்படியே வார்த்துக்கொண்டு.
கீழே பருமன், நடுவே பொடி, மேலே சேற்றின் ஒரு விரல்.

கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
மணலை மணலோடு பிடித்திருந்தது
ரேஷன் கடை உப்பு, அவ்வளவுதான்.
பூமிக்குள் என்றால் சுண்ணாம்பு வரும், இரும்புக் கறை வரும்,
ஊறி நகரும் தண்ணீர்
இரண்டு மணி தொடும் இடத்தில்
சொட்டுக்குச் சொட்டு
கொஞ்சம் வைத்துவிட்டுப் போகும்.
மேலே அடுத்த வெள்ளத்தின் மணல்.
அதற்கு மேல் அதற்கடுத்த வெள்ளம்.
பாரம் ஏற ஏற இடைவெளி சுருங்கி,
யாரும் பார்க்காத ஒரு நாளில்
அதற்குப் பெயர் மணல் இல்லை.

நம் ஊர் மலைகள் அப்படி வந்தவை அல்ல.
அவை அடியில் வெந்தவை,
இன்னும் சூடு ஆறாத மாதிரிதான் மே மாதத்தில் நடந்துகொள்கின்றன.
மணல் கல்லாவதற்கு
தன் மேல் மணல் வரவேண்டும்.
பாலாற்று மணலின் மேல்
வருவது லாரி.

கட்டியைத் தூக்கி இயந்திரத்தில் வைத்தேன்.
முனவ்வர் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"அதுக்கு எந்தக் கோடும்மா?"
முள் அசையவே இல்லை.
தகடு தொட்டதும் உட்கார்ந்துவிட்டது,
சத்தம்கூட இல்லாமல்.
பதிவேட்டில் வலிமை: பூஜ்யம்.
வயது என்ற கட்டத்தில் 74 என்று எழுதி,
அடித்தேன்.
சாடிக்குள் வந்த நாளிலிருந்தா எண்ணுவது?
ஏதோ மலையிலிருந்து உடைந்த நாளிலிருந்தா?
கட்டம் அவ்வளவு பெரிசில்லை.

ஜீவரத்தினத்துக்கு போன் போட்டேன்.
நேரம் தாண்டிவிட்டது, சோதனை செல்லாது,
வேறு மணல் கொண்டுவாருங்கள் என்றேன்.
"ஆத்துல இனிமே எங்கம்மா" என்றவர்
எம்-சாண்ட் அனுப்பினார்.
கிரஷரிலிருந்து நேரே வந்தது.
லென்ஸில் பார்த்தால் எல்லாம் மூலையும் முனையும்,
ஒரு நாள்கூட உருண்டதில்லை.
கான்கிரீட்டுக்கு நல்லது. பாஸ் போட்டேன்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் ஆறு வந்தது.
காட்பாடிப் பாலத்தின் மேல் ஊரே ஏறி நின்றது,
செல்பி, சுண்டல், பிள்ளைகள் தோளில்.
கீழே காவி நிறத்தில்
கரைக்குக் கரை புரண்டு,
யாரோ மூடிக் குலுக்கினதுபோல.
பக்கத்தில் நின்ற ஆள்
எங்கே போகுது இவ்வளவும் என்றான்.
நான் மணி பார்த்தேன்.
நாலு பத்து.
பை முழுக்கத் துழாவியும் பேனா இல்லை,
உள்ளங்கையில் நகத்தால் குறித்துக்கொண்டேன்.