இரண்டு உயரங்கள்

நாற்பதைத் தாண்டியதும்
இடப்பக்கக் கண்ணாடி தலையாட்டத் தொடங்கிவிடும்.
எதைக் கேட்டாலும் ஆமாம் சாமி.
பின்னால் லாரி வருகிறதா? ஆமாம்.
வரவில்லையா? அதற்கும் ஆமாம்.

மதலேனா துறையில் மீன் ஏற்றி
பீக்கோ தீவின் தென்கரை நெடுக
ஹார்ன் அடித்து விற்கிறவள் நான், தெயோலிந்தா.
விடியலிலிருந்து மதியம்வரை வேன் எனக்கு.
மாலையில் எலெயுத்தேரியோவுக்கு:
ஊர் வாத்தியக் குழுவின் பெருமுரசும் இரண்டு டிரம்போனும்
என் ஐஸ் பெட்டி நின்ற இடத்தில் நிற்கும்.
அவன் வாசிக்கும் திருவிழாக்களில்
முன்வரிசைக்காரர்கள் மூக்கைத் தடவுவார்களாம்.
அப்படிச் சொன்னான், ஒரே ஒருமுறை.
அவனுடைய சிகரெட் சாம்பலைப் பற்றி
நானும் ஒருமுறை சொன்னேன்.
மற்றபடி பேச்சு இல்லை.
பாதி விலை அவன், பாதி விலை நான்,
சாவி ஒன்று, கறுப்புக் கல் மதிலின் இடுக்கில்.

கண்ணாடி ஆடுவதற்குக் காரணம் மாடு என்று நினைத்திருந்தேன்.
சில்வெய்ரா வளைவில் சாலையை மறித்து நின்று
முதுகு சொறிந்துகொண்டு போகுமே, அந்த வெள்ளை மூஞ்சி.
அவனும் ஊரில் மாடு என்றே சொல்லியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றினேன்.
உப்புக்காற்று தின்ற ஸ்குரூ
எண்ணெய் விட்டும் அசையவில்லை.
காபி குடித்துவிட்டு வந்தேன். அசையவில்லை.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
அசைந்தது.

உள்ளே, மூட்டின் உருண்டையில்
பளபளவென்று ஒரே தடம்,
மேலிருந்து கீழாக, விரல் அகலத்துக்கு.
மாடு உரசினால் பக்கவாட்டில் அல்லவா தேயும்?

என் தலை அவன் டைப்பின் உயரத்துக்குத்தான் வரும்.
காலையில் நான் கீழே சாய்ப்பேன்,
மாலையில் அவன் மேலே தள்ளுவான்.
பதினொரு வருடம், நாளுக்கு இரண்டு தடவை.
மீன் எழுதும் நோட்டில் பெருக்கிப் பார்த்தேன்:
எட்டாயிரம்.
மாட்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பையனின் ஓட்டை சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம்,
சூரை மீன் டின் மூடியை வட்டமாக வெட்டி ஒரு வாஷர்.
முறுக்கினேன்.
கடைசி அரைச் சுற்றில் கை நின்றது.
இனி இது அசையாது.
அசையாமல் நிற்கப்போவது யாருடைய உயரத்தில்?

போன் செய்தேன்.
பாதி பொத்தான் போட்ட சீருடையில் வந்தான்.
இருக்கையில் அவன் ஏறினான், பார்த்தான், இறங்கினான்.
நான் ஏறினேன், பார்த்தேன், இறங்கினேன்.
நடுவில் வைத்தால்
எனக்கு வெறும் வானம்,
அவனுக்கு வெறும் டயர்.
"நீ கொஞ்சம் உசரமா உக்காரேன்."
"நீ கொஞ்சம் குனிஞ்சு ஓட்டேன்."
"குனிஞ்சா முதுகு வலிக்கும்."
"மீன் பெட்டி தூக்குற முதுகுக்கு வலிக்காதா?"
பதினொரு வருடத்தில் இவ்வளவு பேசியதில்லை.
கண்ணாடியை அவன் உயரத்தில் விட்டு
முறுக்கும் ஸ்பேனரைத் தரையில் வீசிவிட்டு
வீட்டுக்குள் போனேன்.
போகட்டும், வானத்தையே பார்த்து ஓட்டுகிறேன்.

திங்கள் விடியல். சாவி மதில் இடுக்கில்.
ஓட்டுநர் இருக்கையில், நான்காக மடித்து,
குழுவின் பழைய கோட்டு ஒன்று.
அரைச் சுற்று முறுக்கப்பட்டிருந்தது.

உட்கார்ந்தேன். சாலை முழுக்கத் தெரிந்தது:
ஈரத் தார், மதில், மதிலுக்கு அப்பால் கடலின் ஒரு துண்டு.
அறுபதில் போனேன். ஆடவில்லை.
வளைவில் ஒதுங்கப் பார்த்தபோது
பால் லாரி ஒன்றைக் காட்டி
இல்லை என்றது கண்ணாடி,
அதன் வாழ்நாளில் முதல் இல்லை.

தொடையில் ஒரு பித்தளைப் பொத்தான் குத்திக்கொண்டே இருந்தது.
பிய்த்துப் போடலாமா என்று
பதினான்காவது வீடுவரை யோசித்தேன்.
பிறகு கானாங்கெளுத்தி கேட்டு ஆள் வந்துவிட்டார்கள்.