பூசம், கறுப்பு வெள்ளையில்

தைப்பூசத்தன்று பூசத்தைப் பார்க்க முடியாது.
முழுநிலா அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும்.
ஜாகீர் அம்மாபாளையத்தில் காவடிக் கூட்டம் வடிந்து,
நிலா தேய்ந்து,
பதினைந்து நாள் காத்திருந்தேன்.

மாசி அமாவாசை. சனிக்கிழமை வேறு.
ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் டெலஸ்கோப்,
முதுகில் லேப்டாப்,
இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினாலாவதில் காது அடைத்தது.

நாகலூர் தாண்டி, கூட வேலை செய்யும்
ஜெனிட்டாவின் சித்தப்பா காவல் இருக்கும் காப்பித் தோட்டம்.
பழம் உலர்த்தும் சிமெண்டுக் களம்.
சில்வர் ஓக் மரங்கள் விட்டுக்கொடுத்த
ஒரு கிணற்றளவு வானம்.
தெற்கே மட்டும் விளிம்பு வெளுத்திருந்தது.
விடியல் இல்லை, சேலம்.

கேமரா என் கட்டைவிரல் நீளம்.
யாரோ வாங்கிச் சலித்து விற்றது, எனக்கு முதலாவது.
அதன் கண் வேர்க்கடலைப் பருப்பில் பாதி.
பூசம் அதற்குள் அடங்காது.
நண்டின் காலையெல்லாம் விட்டுவிட்டு
நடுவயிற்றை மட்டும் எடுப்பதென்று முடிவு.

இருபது நொடி. மறுபடி இருபது நொடி.
என் வாய் தானாகச் சொன்னது:
மூச்சை இழுங்க. பிடிங்க. அப்படியே.

பகலில் எனக்கு அஞ்சு ரோடு பக்கம் எக்ஸ்ரே அறை.
நாளைக்கு அறுபது மார்பு.
சாம்பலில் எத்தனை சாம்பல் என்று என்னிடம் கேளுங்கள்.

வியாழக்கிழமை ஒரு பையன்.
செவ்வாப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்கு மெருகு போடுகிறவன்.
திரையில் அவன் நுரையீரல் வந்தது,
இரண்டு பக்கமும்
தினையை வாரி இறைத்தது போல.
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான்:
"என்னக்கா தெரியுது?"
"டாக்டர் சொல்லுவார்."
பதினொரு வருடமாக இந்த ஒரு பதில்தான்.
வெள்ளைப் புள்ளி குறைவாக விழ வேண்டும் என்று
உள்ளுக்குள் வேண்டிக்கொள்ளும் உத்தியோகம்.

இங்கே சிவப்புத் தாள் ஒட்டிய திரையில்
படத்தின் மேல் படமாக அடுக்க அடுக்க
நான் வேண்டுவது நேர்மாறு.
இன்னும் கொஞ்சம். அந்த ஓரத்தில் இன்னும் ஒன்று.
வெறுங்கண்ணுக்குப் பஞ்சுப் பிசிறாக இருந்தது
முப்பது, எழுபது,
எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பத்தரைக்கு ரோந்து ஜீப்.
இறங்கிய கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார்,
இல்லாத இன்னொரு ஆளைத் தேடினார்.
"தனியாவாம்மா? காட்டெருமை வர்ற இடம்."
திரைக்குக் குனிந்தார்.
"கலர் வராதா?"
வராது சார்.
"அப்ப என்னதான் தெரியுது இதுல?"

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது அந்தப் பழைய பதில்.
வானத்துக்கு டாக்டர் இல்லை.
நானே சொன்னேன்.
பூசம் சார். ஒண்ணு இல்ல, கூட்டம்.
எல்லாம் ஒரே மேகத்துல பொறந்தது.
இந்த வெளிச்சம் கிளம்பி அறுநூறு வருசம் இருக்கும்.

"நான் பூசம்தாம்மா" என்றார்
தொப்பியைக் கழற்றி.
இதில் தன்னுடையது எது என்று கேட்டார்.
நடுவில் பளிச்சென்று இருந்த ஒன்றைக் காட்டினேன்.
பொய்தான்.
போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

கடைசியாக ஒரு வேலை உண்டு.
டெலஸ்கோப்பின் வாயை மூடிவிட்டு
அதே இருபது நொடி, வெறும் இருட்டை எடுப்பது.
தன் சூட்டில் கேமராவே கற்பித்துக்கொள்ளும் புள்ளிகள்
அதில் அகப்படும்.
அவற்றைக் கழித்து மிஞ்சுவதுதான் வானம்.

மூடியைப் போட்டேன்.
இருபது படம் போதும்.
காப்பி இலைகளில் பனி சொட்டியது.
கறுப்புத் திரையில் அங்கங்கே ஏழெட்டுப் பொய்ப்புள்ளி.
திங்கட்கிழமை அவன் ரிப்போர்ட் வாங்க வருவான்.
வியாழக்கிழமைப் படத்துக்கும்
இப்படி ஒரு மூடி இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.
நினைத்ததில் கணக்கு தப்பி
இருபத்தொன்று எடுத்திருந்தேன்.