சீட்டில் இல்லாத தண்ணீர்

ட்ரெய்லர் முதுகில் மஞ்சள் பெயின்ட்:
மொத்தம் மூவாயிரம், காலி தொள்ளாயிரம்.
கழித்தால் மிஞ்சுவது இரண்டாயிரத்து நூறு.

பாலாடாவில் கழுவின கையோடு ஏற்றிய கேரட்,
சீட்டுப்படி மூட்டை எழுபது கிலோ,
முப்பது மூட்டை.
"கிலோ பிசகாது" என்கிறார் மண்டி ஹாலன்.
சாக்கடியில் சொட்டிக்கொண்டிருக்கிறதே,
அந்தத் தண்ணீரை எடை போட்டது யார்?

மூன்று மூட்டையை இறக்கச் சொன்னேன்.
முறைத்துக்கொண்டே இறக்கிவிட்டு
அந்த இடத்தில் தானே ஏறி உட்கார்ந்தார் மரியசூசை.
"நான் என்ன பெரிய கனம்?"
அவரையும் இறக்கினேன். பஸ்ஸுக்குப் பதினைந்து ரூபாய்.

ஏற்றத்தில் வண்டி நம் பேச்சைக் கேட்கும்.
இறக்கத்தில் பாரம்தான் ஓட்டுநர்.
காட்டேரிக்கு முன்னால், இரண்டாம் கியரில்,
ஈரத் தார்மேல்,
பின்னாலிருந்து முதுகில் கை வைத்ததுபோல்
ஒரு தள்ளு.

தள்ளட்டும்.
மூன்று மூட்டையும் ஓர் ஆளும் குறைந்த தள்ளு.