நாற்பத்தி நான்கில் இரண்டு

லியபாயாவில் விடிகாலை மூன்றரை.
துறைமுகக் கிரேன் ஓட்டும் வால்டிஸ் கையில்
இரண்டு ஏஸ்.
எதிரே, எந்த ஊரோ யாரோ,
இரண்டு ஒன்பது.
மொத்தக் காசும் நடுவில்.

மீதி நாற்பத்தி நான்கு சீட்டில்
இவனைக் கவிழ்க்க இரண்டுதான் உண்டு.
கடைசியாக விழுந்தது
ஆட்டின் ஒன்பது.

திட்டவில்லை.
போன மாதம் திட்டியதில் உடைந்த மௌஸ்
பதினொரு யூரோ;
அதுவும் நோட்டில் தோல்விக் கணக்கில்தான் இருக்கிறது.

காற்று மீறினால் கிரேனை நிறுத்திவிட்டு
இறங்கி வந்துவிடுவான்.
காற்றை யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ராத்திரிக்கு மூன்று ஆட்டம், தலா ஐந்து யூரோ.
நான்காவதற்குக் கடவுச்சொல் வேண்டும்.
அது இங்கூனாவுக்குத்தான் தெரியும்.
அவள் பேக்கரியில் மாவு பிசைகிறாள்,
ஆறு மணிவரை போனைத் தொடமாட்டாள்.

எழுதுகிறான்:
பதினைந்து போச்சு. சரியாகத்தான் ஆடினேன்.
யோசித்து, இரண்டாவது வரியை அடிக்கிறான்.
முதல் ஆட்டத்தில் அந்த ராணியை
அப்போதே விட்டிருக்கலாம்.
அதற்கு அதிர்ஷ்டம் என்ன செய்யும்?

வெளியே போய்
பனியில் புதைந்த காரைத் தோண்டுகிறான்.
ஐந்தே முக்காலுக்கு
தாங்காமல் அவளைக் கூப்பிடுகிறான்.
மணி அடிக்கிறது, அடிக்கிறது,
எடுக்கவில்லை.

நல்லவேளை.