செயப்பாட்டு வினை

ஃபஹாஹீலில் என் பள்ளிக்கூடம்
ஃபிரிட்ஜுக்கும் அயர்ன் மேசைக்கும் நடுவே
இரண்டடி அகலம்.
மணி கிடையாது. குக்கர் விசில் உண்டு.

போன செப்டம்பரில்
இரண்டு பேருக்குக் கட்ட முடியாத ஃபீஸை
ஒருவருக்குக் கட்டினார்கள்.
தம்பி டை கட்டிக்கொண்டு வேன் ஏறினான்.
எனக்கு ஹோம்ஸ்கூலிங் என்று பெயர் வைத்தார்கள்.
அம்மா போனில் ஊருக்குச் சொல்லும்போது
அது ஏதோ மேல்படிப்பு போலக் கேட்கும்.

ஞாயிறும் புதனும் நாலு மணிக்கு ஆங்கிலம்.
திரையில் ஐந்து கட்டம்.
மங்காஃபிலிருந்து நஸ்ரின்,
எப்போதும் எதையாவது தின்கிற ஏஞ்சலோ,
கேமராவைத் திறந்தே பார்த்திராத ஒரு சூடானிப் பையன்,
நான்.
சால்மியாவில் பிண்டோ மிஸ். அவர் முதுகுக்குப் பின்னால்
முற்றுப்புள்ளி மறந்த வாக்கியம் மாதிரி
ஒரு வாஷிங் மெஷின்.

இந்த மாதம் அலுவலகக் கடிதம்.
'ஜன்னல் உடைக்கப்பட்டது என்று எழுதுகிறவர்
உடைத்தவரைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்.
யார் உடைத்தது?
முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள்' என்றார் மிஸ்.
பத்து வாக்கியம் திருப்பிப் போட்டேன்.
ஒன்பது சரி.

அன்று ராத்திரி அப்பா
சேஃப்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.
"லெட்டர் எழுதத்தானே படிக்கறே.
ஒண்ணு எழுதணும்.
பதினாலு பேருக்கும் சேர்த்து."

ஐந்து மாதம்.
'சம்பளம் வரல' என்போம் வீட்டில்.
தமிழில் சம்பளத்துக்குத்தான் கால்.
அதுதான் வழியில் எங்கேயோ
பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிறது.
வேறு யார் மீதும் தப்பில்லை.

ஆங்கிலத்தில் ஆள் வேண்டும்.
கம்பெனி பெயர் போட்டேன்.
போதாது என்று
மேனேஜர் பெயரையும் போட்டேன்.
இன்னார் எங்களுக்கு
ஐந்து மாதச் சம்பளம் தரவில்லை.
சின்ன வாக்கியம். முதுகு நேராக நிற்கிற வாக்கியம்.

தமிழில் சொல்லிக் காட்டினேன்.
அடுத்த அறையில் தம்பி மட்டும்தான், தூங்குகிறான்,
ஆனாலும் அப்பா குரலைத் தாழ்த்தினார்.
"பேரு வேண்டாம். அகாமா அவன் கையில இருக்கு."

"அப்ப யாரு தரலைன்னு எழுதறது?"

"தரப்படலைன்னு எழுது."

ஒன்பதாவதோடு நின்றவர்.
எந்த வகுப்பில் படித்தாரோ
இவ்வளவு சுத்தமாக.
படு.
இலக்கணத்தில் அது துணைவினை.
மற்றபடி
பன்னிரண்டு வருஷம் சாரத்தின் மேல் வெயிலில் நின்றால்
அதன் பொருள் வேறு.

எழுதினேன்.
தரப்படவில்லை. முறையிடப்பட்டது.
காத்திருக்குமாறு சொல்லப்பட்டது.
ஜன்னலுக்கு வெளியே, அகமதி பக்கம்,
ஆலையின் தீ
யாரும் ஏற்றாததுபோல் எரிந்துகொண்டிருந்தது.

பிரதியில் கம்பெனி பெயரை நீக்கிவிட்டு
அதையே வீட்டுப்பாடமாகவும் அனுப்பினேன்.
திரும்பி வந்தது.
ஓரமெல்லாம் சிவப்பு.
யார்?
யார்?
இங்கே யார்?
இருபதுக்கு ஒன்பது. திருத்தி எழுதப் புதன் வரை நேரம்.

"மிஸ் என்ன சொல்றாங்க?"
"யாருன்னு கேக்கறாங்கப்பா."
"நல்ல டீச்சர்," என்று
வெகுநேரம் ஷூ லேஸையே அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

இன்று செவ்வாய்.
அவருடைய நீலச் சட்டையைத் தேய்க்க எடுத்தேன்.
பையில் நாலாக மடித்த தாள்,
வியர்வையில் ஊறிக் காய்ந்து
பதினாலு கையெழுத்தில் மூன்று கலைந்துபோய்.

கடிதம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

யார் என்று
எனக்குத் தெரியும் மிஸ்.
இதை மட்டும் திருத்த மாட்டேன்.

தாளை இருந்தபடியே விட்டுவிட்டு
பையைச் சுற்றி
காலர், கை, முதுகு எல்லாம்
மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்தேன்.