படிவத்தின் பின்பக்கம்

வாலிநோக்கம் பேருந்தில்
மீன்பெட்டி என்று நினைத்து
லக்கேஜ் சீட்டுக் கிழித்தார் நடத்துநர்.
திறந்து காட்டினேன்.
ஐஸுக்குள் பன்னிரண்டு குப்பி தண்ணீர்.
"தண்ணிக்கா ஐஸு?"
சிரித்தார். காசைத் திருப்பித் தரவில்லை.

ஐஸும் என்னுடையதில்லை.
ஏர்வாடியில் நண்டு ஏற்றிய லாரியில்
கடன் கேட்டு வாங்கியது.

கண்மாய்க்கும் கடலுக்கும் நடுவே
ஒரு மணல்மேடு, கொஞ்சம் உடைமரம்,
ஒரு பீடி கரியும் தூரம்.
இந்தப் பக்கம் தண்ணீரைக் குடத்தால் அளக்கிறார்கள்,
அந்தப் பக்கம் உப்பை லாரியால்.

முழங்காலளவு இறங்கி
குப்பியைக் கவிழ்த்து அமுக்கி நிமிர்த்தினால்
குளுக் குளுக்கென்று காற்று வெளியேற
ஓர் ஊர் உள்ளே வருகிறது.
ஊர் என்றது குறைத்துச் சொன்னது:
ஒரு தேக்கரண்டியில் ஐம்பது லட்சம்,
ஏறக்குறைய நாலு ராமநாதபுரம் ஜில்லா.

வெயிலைத் தோலால் குடிக்கும் பொடியன் ஒன்று.
தனியே பிரித்தால் செத்துப்போவான்,
அடுத்த வீட்டு வைட்டமினில் வளர்ந்தவன்.
சேறு விடும் குமிழியை
வானம் சேருமுன் தின்றுவிடுவது ஒன்று.
அழுகிய முட்டை நாற்றத்தை வெயிலில் வைத்து
ஊதா நிறத்தில் சமைத்துக்கொள்வது ஒன்று.
அடுத்தவன் சுவரைத் துளைத்துக் குடியேறி
வீட்டையே தின்று முடித்து
பிள்ளைகளோடு வெளியேறுவது இன்னொன்று.
எருமை கொண்டுவந்தவை சில.
நாரைக்காலில் ஒட்டி வந்தவை
எங்கே ஏறினவென்று நாரைக்கும் தெரியாது.

தட்டுத் தட்டாய்க் களி ஊற்றி
விருந்து வைத்துப் பார்த்தோம்.
நூற்றில் ஒன்று வந்து சாப்பிட்டது.
மிச்சத்துக்கு எங்கள் சமையல் பிடிக்கவில்லை.

பிறகு உடலை உடைத்து இழையை உருவி
மதுரைக்கு அனுப்பினோம்.
ஏ, சி, ஜி, டி,
நாலே எழுத்தில் வந்துசேர்ந்தது ஊர்க்கணக்கு.
இரண்டாயிரத்துச் சொச்சம் வகை.
எண்ணூறுக்கு எதிரே
பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு.

செய்யதம்மாள் குடத்துவாயில் வெள்ளைத்துணி கட்டி
சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தாள்.
"இதுல இருக்கிறது நல்லதா, கெட்டதா?"
"எண்ணூறு யாருன்னே தெரியலம்மா."
"எம் மருமகன் பேரு ரேஷன் கார்டுல ஏறவே
ஆறு வருசமாச்சு" என்றாள்.
துணியில் தங்கிய பாசியை உதறிவிட்டு
குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

அலுவலகப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
இ.கோலி, உண்டு / இல்லை.
உண்டு என்று டிக் அடித்தேன்.
காய்ச்சிக் குடிக்கவும், முத்திரை, கையொப்பம்.
கட்டம் கேட்டது அவ்வளவுதான்.

பங்குனியில் தண்ணீர் பின்வாங்கியது.
நாக்குக்குத் தெரியாத உப்பு
மீட்டருக்குத் தெரிந்தது.
மணலுக்கு அடியிலோ, காற்றில் பறந்த நுரையிலோ
கடல்வாசி ஒன்று உள்ளே வந்திருந்தது,
குப்பிக்கு நாலைந்து என்று.
சித்திரைக் குப்பியில் அது பாதி.
வெயில் குடிக்கும் பொடியனைத் தேடவேண்டியிருந்தது.

ஆனியில் போனபோது தண்ணீரே இல்லை.
வெடித்த சேறு, ஆட்டுப் புழுக்கை,
கவிழ்ந்த ஒரு செருப்பு.
வெறும் குப்பியோடு திரும்ப மனமில்லாமல்
ஓட்டுச்சில்லு போல் ஒரு துண்டைப் பெயர்த்தேன்.

பெயரில்லாத எண்ணூறையும்
படிவத்தின் பின்பக்கம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.
தகப்பன் பெயர் தெரியாததால்
ஊரே இனிஷியல்:
வா. 1, வா. 2, வா. 3.
நானூற்றிப் பதினேழோடு தாள் தீர்ந்துவிட்டது.

சேற்றுத்துண்டை
கொதித்து ஆறிய நீரில் போட்டு மூடிவைத்தேன்.
மூன்றாம் நாள்
குழாயில் லேசாய்ப் புகை போல ஒரு கலங்கல்.
எது எழுந்ததென்று தெரியவில்லை.
மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.
அவசரப்பட்டு எழுப்பிவிட்டேனோ என்று
மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.